110 பேர் வாழும் ஸ்காட்லாந்துத் தீவில் ஒரே நேரத்தில் கெட்டிலும் வாஷிங் மெஷினும் ஓடுமா?

கேள்வி: ஸ்காட்லாந்தின் எக் தீவில் ஒரு வீட்டுக்கு 5 கிலோவாட் மின்சாரம்தான் என்கிறார்களே, அது போதுமா? மீறினால் என்ன ஆகும்?

போதும். ஆனால் 5 கிலோவாட் என்பது யூனிட் கணக்கு அல்ல, பலரும் குழம்புவது இங்கேதான். மாதம் எத்தனை யூனிட் வேண்டுமானாலும் காசு கட்டி எரிக்கலாம். ஒரே நேரத்தில் இழுப்பதற்குத்தான் வரம்பு. வீட்டுக்கு 5, கடை, தொழில் இணைப்புகளுக்கு 10 கிலோவாட்.

கணக்கு போட்டுப் பாருங்கள். பிரிட்டனில் விற்கும் கெட்டில் ஏறக்குறைய 3 கிலோவாட். வாஷிங் மெஷின் தண்ணீரைச் சூடாக்கும் அந்தக் கால் மணி, அரை மணி நேரத்துக்கு 2 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். துணி சுற்றும்போது அதைவிட மிகக் குறைவு. ஆக, மெஷினைப் போட்ட கையோடு டீக்குத் தண்ணீர் வைத்தால் 5 தாண்டிவிடும், வீடு இருட்டு. ஒருவர் வந்து இணைப்பை மீட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கு 20 பவுண்டு கட்டணம் என்றும் விதி வைத்தார்கள். அதனால்தான் அந்த நேரத்தில் எத்தனை கிலோவாட் ஓடுகிறது என்று காட்டும் சின்ன மானிட்டர் வீட்டுக்கு வீடு இருக்கும். அதில் எண்ணைப் பார்த்த பிறகே கெட்டில் சுவிட்சில் கை வைப்பார்கள். 8, 9 கிலோவாட் இழுக்கும் மின்சார ஷவருக்கு அங்கே வழியே இல்லை. வீட்டைச் சூடாக்க விறகு அடுப்பு, சமையலுக்குப் பெரும்பாலும் சிலிண்டர் கேஸ்.

ஏன் இந்தக் கெடுபிடி? பெருநிலத்தின் மின்கம்பி இந்தத் தீவுக்கு வரவில்லை. கடலுக்கடியில் கேபிள் போட்டால் பல மில்லியன் பவுண்டு ஆகும். 2008 பிப்ரவரி வரை பெரும்பாலும் அவரவர் வீட்டு டீசல் ஜெனரேட்டர்தான். அதை நாள் முழுக்க ஓட்டவும் கட்டுப்படியாகாது. தீவு மக்கள் 1997-ல் தங்கள் அறக்கட்டளை மூலம் தீவையே நிலச்சுவான்தாரிடமிருந்து விலைக்கு வாங்கியிருந்தார்கள். அந்த அறக்கட்டளைதான் இந்தச் சொந்த மின்கட்டமைப்பையும் அமைத்தது: 100 கிலோவாட் நீர்மின் டர்பைன் ஒன்று, சின்ன நீர்மின் டர்பைன் இரண்டு, 6 கிலோவாட் காற்றாலை நான்கு, சோலார் பேனல்கள், ஒரு பேட்டரி அறை, அவசரத்துக்கு டீசல். எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் 5 இழுத்தால் தாங்காது. நாற்பது வீடு என்றாலே 200 கிலோவாட் ஆகிவிடும். அப்படி யாரும் சேர்ந்து இழுப்பதில்லை என்பதை வைத்துத்தான் கட்டமைப்பே நிற்கிறது. பணக்காரர் கூடுதல் காசு கொடுத்து 15 கிலோவாட் வாங்க முடியாது என்பது இதில் எனக்குப் பிடித்த அம்சம்.

சிக்கல் வருவது மழை பெய்யும் குளிர்காலத்தில் அல்ல. அப்போது ஓடை நிறையத் தண்ணீர், காற்றும் உண்டு. வசந்தத்தின் கடைசியில் வானம் தெளிந்து ஓடை வற்றும், காற்றும் அடங்கும். சோலாரைப் பின்னால் கூட்டியது இந்த இடைவெளியை அடைக்கத்தான். அதுவும் போதாவிட்டால், சிக்கனமாக இருங்கள் என்று தீவு முழுக்கத் தகவல் போகும். அப்புறம்தான் டீசல்.

எதிர்ப் பக்கமும் உண்டு. பேட்டரி நிறைந்த பிறகு வரும் மின்சாரத்தை எங்கே கொட்டுவது? சமூகக் கூடம், தேவாலயம் போன்ற பொது இடங்களின் ஹீட்டர்கள் தானாகவே ஓடத் தொடங்கும். புயல் அடிக்கும் நாளில் கூடம் கதகதப்பாக இருப்பது இதனால்தான், அதற்குத் தனி பில் கிடையாது.

பழுது பார்ப்பதும் தீவுக்காரர்களே. பயிற்சி பெற்ற சிலர் கையில்தான் பராமரிப்பு. பெருநிலத்தின் மாலெய்க் துறைமுகத்திலிருந்து வரும் ஃபெர்ரி கடல் சீறினால் ரத்தாகிவிடும், வெளியிலிருந்து மெக்கானிக் வரும்வரை உட்கார்ந்திருக்க முடியாது. குடியேற நினைப்பவர் எந்தச் சாதனம் வாங்கினாலும் பின்பக்க ஸ்டிக்கரில் வாட் எவ்வளவு என்று முதலில் பார்ப்பது நல்லது. 3000 வாட் கெட்டிலுக்குப் பதில் 1000 வாட் கெட்டில் வாங்கினால் தண்ணீர் கொதிக்க மூன்று மடங்கு நேரம் ஆகும், ஆனால் வாஷிங் மெஷினை நிறுத்த வேண்டியதில்லை.