நகையை அடகு வைத்து ரெசிடென்சிக்குப் போகலாமா?

கேள்வி: நான் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியை. மேலூர்ப் பக்கத்துக் கல்குவாரிகளைக் கரியில் வரைந்து வருகிறேன், சில படங்களை உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். தென் ஐரோப்பாவில் ஒரு கடற்கரை ஊரில் இருக்கிற ஆர்ட்டிஸ்ட் ரெசிடென்சிக்கு (கலைஞர்கள் கொஞ்ச காலம் தங்கி வேலை செய்கிற இடம்) ஆன்லைனில் மூன்று படம் அனுப்பினேன். நான்கே நாளில் 'தேர்வாகிவிட்டீர்கள்' என்று மெயில் வந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு 1,900 யூரோ, பாதியைப் பத்து நாளுக்குள் கட்ட வேண்டும். டிக்கெட், சாப்பாடு தனி. நகையை அடகு வைத்தால் சமாளிக்கலாம். இங்கேயே இருந்தால் காலம் முழுக்க ஆண்டு விழா பேனர் வரைந்தே முடிந்துபோவேனோ என்று பயமாக இருக்கிறது. வெளிநாட்டில் கொஞ்ச நாள் இருந்தால்தான் கலைஞருக்கு வளர்ச்சி என்கிறார்களே, போகட்டுமா?
— பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி, திருமங்கலம்

பதில்: போக வேண்டாம். நகை பீரோவிலேயே இருக்கட்டும். வெளிநாடு போகிற ஆசையையே விட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இந்த இடம் வேண்டாம், இந்த வருடம் வேண்டாம், அவ்வளவுதான்.

அந்த மெயிலின் நகலை எனக்கும் அனுப்பியிருந்தீர்கள். அதில் உங்கள் படங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கரியில் வரைகிறவரா, களிமண்ணில் செய்கிறவரா என்று தெரியாத ஒருவர் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய கடிதம் அது, பாதிக்கு மேல் பணம் கட்டும் விவரம்தான். நல்ல ரெசிடென்சிகளில் நடுவர் குழு உட்கார்ந்து பார்த்து முடிவு சொல்ல மாதக்கணக்கில் ஆகும். பல இடங்களில் இந்த வருடம் விண்ணப்பித்தால் அடுத்த வருடத்துக்குத்தான். காசு வாங்குகிற இடம் எல்லாம் மோசடி என்று சொல்ல மாட்டேன். மானியம் இல்லாமல், வருகிறவர்கள் கொடுக்கிற பணத்தில் நேர்மையாக நடக்கிற சின்ன இடங்களும் இருக்கின்றன. ஆனால் அங்கே நீங்கள் வாடகைக்கு அறை எடுக்கிறீர்கள், தேர்வாகவில்லை. அதைத் தெரிந்துகொண்டு, கையில் உபரிப் பணம் இருக்கிறவர்கள் போகலாம். அடகுக்கடையில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது அங்கே உட்கார்ந்து நிம்மதியாக ஒரு கோடு போட முடியுமா?

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மெக்டவல் என்று ஒரு ரெசிடென்சி. 1907-ல் எட்வர்ட் மெக்டவல் என்ற இசையமைப்பாளரும் அவர் மனைவி மரியனும் தொடங்கியது. காட்டுக்குள் தனித்தனி வீடாக ஸ்டுடியோக்கள். தேர்வானவர் தங்குவதற்குப் பணம் கிடையாது, வழிச்செலவுக்கு வசதி இல்லை என்றால் அதற்கும் உதவி கேட்கலாம். மதியச் சாப்பாட்டைக் கூடையில் வைத்து வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், பாதி ஓவியத்தில் இருக்கிற ஆளைக் கூப்பிட்டுக் கலைக்கக்கூடாது என்பதற்காக. இதைப் படித்தபோது எனக்கு உங்களைப் போன்றவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். காலையில் சமையல், பள்ளி, திரும்பி வந்து பிள்ளையின் ஹோம்வொர்க், எல்லாம் முடித்து ராத்திரி பத்து மணிக்கு மேல் கரியைக் கையில் எடுக்கிற ஒரு பெண்ணுக்கு முதலில் வேண்டியது அந்தக் கூடைதான், ஐரோப்பா அப்புறம். நீங்களும் வளர்ச்சி என்று எழுதியிருந்தாலும் உள்ளுக்குள் கேட்பது யாரும் கூப்பிடாத ஒரு மாதத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, வெளிநாட்டில் இருந்தால் வளர்ச்சியா? சிலருக்கு நிஜமாகவே நடந்திருக்கிறது. ஏ.கே. ராமானுஜனை எடுத்துக்கொள்ளுங்கள். மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், நம் மதுரையிலும் கொஞ்ச காலம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர், வைகையைப் பற்றி ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர். 1962-ல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடிப் போன இடத்தில்தான் சங்க இலக்கியத்தை நேருக்கு நேர் பார்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். அவருடைய குறுந்தொகை மொழிபெயர்ப்பு 1967-ல் புத்தகமாக வந்தது. இதைச் சொல்லிவிட்டு 'பார்த்தீர்களா, சிகாகோ போனதால்தான்' என்று முடித்துவிடுகிறார்கள். அவர் அங்கே வேலையில் இருந்தார், அதன் பிறகும் வருடக்கணக்காக இருந்தார், அன்றைக்கு எதைத் தேடி உள்ளே போகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நீங்கள் எதைத் தேடிப் போகிறீர்கள்? உங்கள் படங்களை மேஜையில் பரப்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழவளவுப் பக்கம் என்று பின்னால் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் படம்: அறுத்த பாறை முகத்தில் மேலிருந்து கீழாக டிரில் போட்ட தடங்கள், ஒவ்வொன்றும் பாதிக் குழாய் மாதிரி, வரிசை வரிசையாக. அடியில் தேங்கிய தண்ணீர். அந்தத் தடங்களுக்குள் விழுகிற நிழலைக் கரியைத் தேய்த்துக் கொண்டுவந்திருக்கிறீர்கள், அழுத்தம் எங்கேயும் பிசகவில்லை. 2012-ல் கிரானைட் முறைகேடு வெளியே வந்து குவாரிகள் மூடப்பட்ட பிறகு அந்தக் குழிகளைப் பற்றி நிறையச் செய்தி படித்திருக்கிறோம், கோர்ட் வரைக்கும் போனது தெரியும். ஆனால் மலை இருந்த இடம் எப்படி இருக்கிறது என்று ஒருவர் நின்று வரைந்து நான் பார்ப்பது இப்போதுதான். இந்த வரிசை இன்னும் முடியவில்லை. தண்ணீர் வருகிற படங்களில் தண்ணீர் சரியாக வரவில்லை, போட்டோவைப் பார்த்து வரைந்தது தெரிகிறது. அதற்கு வெயில் ஏறுவதற்கு முன்னால் அங்கே போய், நாள் கணக்கில் உட்கார வேண்டும். கடற்கரை ஊருக்குப் போய் அதைச் செய்ய முடியாது.

என் யோசனை இது. கோடை விடுமுறையோடு சம்பளமில்லாத லீவு கொஞ்சம் சேர்த்துப் போடுங்கள். மேலூரில் ஒரு அறை பிடியுங்கள், அந்த யூரோ கணக்கில் ஒரு சின்னப் பங்குகூட ஆகாது. குழி ஓரத்துக்குத் தனியாகப் போக வேண்டாம், ஊர்க்காரர் யாரையாவது கூட்டிக்கொள்ளுங்கள். பிள்ளையை யார் பார்ப்பது என்பதை வீட்டில் பேசித்தான் ஆக வேண்டும், ஐரோப்பா போனாலும் அதே பேச்சுத்தான். அப்புறம் படங்களைப் போட்டோ எடுக்கிற விதத்தை மாற்றுங்கள். நீங்கள் அனுப்பியதில் ஒன்றில் மூலையில் கரண்ட் மீட்டர் பெட்டி தெரிகிறது, இன்னொன்றில் ஃபிளாஷ் அடித்துக் கரியெல்லாம் வெளுத்துப்போயிருக்கிறது. காலையில் நிழலான இடத்தில் சுவரில் மாட்டி, போனைப் படத்துக்கு நேராகப் பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். நடுவர்கள் பார்ப்பது அந்தப் போட்டோவைத்தான்.

அது முடிந்ததும் விண்ணப்பியுங்கள், கண்டிப்பாக விண்ணப்பியுங்கள். டெல்லியில் கோஜ் என்ற கலைஞர் அமைப்பு இருக்கிறது, 1997-லிருந்து நம் நாட்டுக் கலைஞர்களையும் வெளிநாட்டவரையும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்ய வைக்கிறார்கள். இன்லாக்ஸ் சிவ்தாசனி அறக்கட்டளை இளம் இந்தியக் கலைஞர்களுக்கு உதவுகிறது. வயது வரம்பையும் கடைசித் தேதியையும் அவரவர் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் 'ஏன் இந்த ஊர்' என்று கேட்பார்கள், அங்கேதான் பெரும்பாலானவர்கள் சொதப்புகிறார்கள். உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். இத்தாலியில் கராரா என்று ஒரு ஊர், ரோமானியர் காலத்திலிருந்து சலவைக்கல் வெட்டுகிற மலை, மைக்கேலாஞ்சலோ தானே போய்த் தன் சிலைகளுக்குக் கல் பார்த்து எடுத்த இடம். இன்றைக்கும் வெட்டுகிறார்கள், மலை போகிறதே என்று அங்கேயும் எதிர்ப்பு இருக்கிறது. கீழவளவை வரைந்து முடித்த ஒருவர் கராரா பக்கம் ஒரு மாதம் வேண்டும் என்று கேட்டால் எந்தக் குழுவும் நிமிர்ந்து உட்கார்ந்து படிக்கும்.

விசா பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ, நிராகரித்தால் திரும்ப வராது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். அடகுப் பணத்தைத் திடீரென்று கணக்கில் போட்டு ஸ்டேட்மென்ட் காட்டினால், இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். செலவை ஏற்கிற அமைப்பின் கடிதம் இருந்தால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் குறைந்துவிடும்.

பேனர் விஷயத்துக்கு வருகிறேன். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் கூட இருந்த ஓவியர்களும் சென்னைக்கு வெளியே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கியபோது, நிலம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பாத்திக் துணிகளும் (மெழுகு பூசிச் சாயம் ஏற்றுகிற துணி) கைவினைப் பொருட்களும் செய்து விற்ற பணம் அது. பகலில் துணி, மிச்ச நேரத்தில் ஓவியம். அதனால் அவர்கள் ஓவியம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆண்டு விழா பேனரால் உங்கள் கையும் கெட்டுப்போகாது, குவாரி வரிசையைப் பாதியில் விட்டால்தான் எனக்குக் கவலை.

அந்த மெயிலுக்கு 'வரவில்லை' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள், முன்பணம் எதுவும் கட்டாதீர்கள். வரிசை முடிந்ததும் படங்களை எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள். நம் இதழின் நடுப்பக்கம் நான்கையும் உங்களுக்கு ஒதுக்கி, சன்மானத்தோடு வெளியிடுகிறோம். எந்த இடத்துக்கு விண்ணப்பித்தாலும் பரிந்துரைக் கடிதம் நான் எழுதித் தருகிறேன்.