பகல் தூக்கம், ராத்திரி முழிப்பு: கல்லீரலும் காரணமாகலாம்

கேள்வி: என் கணவருக்கு வயது 52. குடியால் கல்லீரல் சுருங்கிவிட்டது என்று போன மாதம் வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். குடியை விட்டுவிட்டார். இப்போது நாலைந்து நாளாகப் பகலெல்லாம் தூங்குகிறார்; ராத்திரி முழித்திருந்து சம்பந்தமில்லாமல் பேசுகிறார். சட்டைப் பித்தானை மாற்றிப் போடுகிறார். மறுபடி ஒளித்துக் குடிக்கிறார் என்று மகன் சண்டை போடுகிறான். கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாமா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: கீழாநெல்லி இருக்கட்டும் அம்மா. இன்றைக்கே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அம்பை அரசு மருத்துவமனையில் காட்டினால், தேவைப்பட்டால் பாளை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். எழுப்பியும் கண் திறக்கவில்லை, ரத்த வாந்தி, தார் மாதிரி மலம் என்றால் உடனே 108.

மகன் சந்தேகப்படுவது இயல்புதான். ஆனால் சொட்டுக்கூடக் குடிக்காமலே இப்படி ஆகும். புரதத்தைக் குடல் கிருமிகள் உடைக்கும்போது அமோனியா என்ற நச்சு உண்டாகிறது. குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குள்தான் நுழையும். அங்கே அமோனியா யூரியாவாக மாறி, சிறுநீரில் போய்விடும். தழும்பேறிய கல்லீரலில் அந்த வேலை குறைகிறது. உள்ளே வழி அடைபடுவதால் ரத்தமும் பக்கவாட்டு நாளங்களில் சுற்றிக்கொண்டு போகிறது. அமோனியா மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் முதலில் கெடுவது தூக்கம். அப்புறம் பேச்சும் புத்தியும். கைகளை முன்னே நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் சொல்லுங்கள். விரல்கள் விட்டுவிட்டுத் தொய்ந்து விழுந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். விழாவிட்டாலும் போகத்தான் வேண்டும்.

வயிற்றில் நீர் கோத்ததும் அதே அடைப்பால்தான். ரத்தத்தில் நீரைப் பிடித்து வைக்க, கல்லீரல் செய்யும் அல்புமின் என்ற புரதம் குறைவதும் சேர்ந்துகொள்கிறது.

சரி, இப்போது ஏன் திடீரென்று? அவர் கடைசியாக எப்போது வெளிக்குப் போனார் என்று யோசியுங்கள். மலச்சிக்கல் ஒன்றே இதைக் கிளப்பப் போதும். வயிற்று நீரில் கிருமி சேர்வது, உள்ளே ரத்தக் கசிவு, நீர் பிரியும் மாத்திரை அதிகமாவது, தூக்க மாத்திரை எல்லாமே காரணமாகலாம். லாக்டுலோஸ் மருந்தை, "வயிற்றால் போகிறது" என்று நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகிப் போவதற்காகத்தான் அந்த மருந்தே!

காய்ச்சலோ வயிற்று வலியோ வந்தால் கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த நிலையில் பல வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

முட்டையும் பருப்பும் ஆகாது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். நிறுத்தாதீர்கள், உடம்பு இன்னும் கரையும். படுக்கும் முன்னும் கொஞ்சம் சாப்பிட வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் வேண்டாம். உப்பு சேர்ந்தால் நீர் மறுபடி கோக்கும்.

கீழாநெல்லி தழும்பேறிய கல்லீரலைச் சரியாக்கும் என்பதற்குச் சான்று இல்லை. அரைத் தூக்கத்தில் இருப்பவர் வாயில் எதை ஊற்றினாலும் புரையேறும் அபாயம் வேறு.

புத்தி தெளிந்தபின் கல்லீரல் மாற்று அறுவைக்கு இவர் பொருந்துவாரா என்று கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடமுண்டு. அட்டையையும் பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.