வேலூர் விமான நிலையத்திலிருந்து பயணிகள் சேவை தொடங்குமா? தொடங்கினால் நிலைக்குமா?

அப்துல்லாபுரத்தில் ஓடுதளமும் முனையக் கட்டடமும் இருந்தும் பயணிகள் விமானம் ஏன் இன்னும் பறக்கவில்லை, பறந்தால் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்வர அது உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வேலூரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக டிக்கெட் முன்பதிவு அலுவலகம் நடத்தி வருகிறேன். என்னிடம் வருவோரில் பெரும்பாலோர் சி.எம்.சி. மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காக வரும் வெளி மாநிலத்தவரும் அவர்களுக்குத் துணையாக வருபவர்களும்தான். அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். இங்கிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ விமானம் விட்டால் அது நீடிக்காது. ஐதராபாத்துக்கோ கொச்சிக்கோ விட்டால் ஓரளவு நீடிக்க வாய்ப்பு உண்டு. ஆனால் வேலூருக்கு உண்மையிலேயே தேவைப்படுகிற கொல்கத்தா விமானம் இப்போதுள்ள ஓடுதளத்தில் இறங்கவே முடியாது. நம் ஊரில் இதைப் பற்றிப் பேசும்போது இந்த மூன்றாவது செய்திதான் எப்போதும் விடுபட்டுப் போகிறது.

முதலில் ஓடுதளத்தைப் பார்ப்போம். பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய இந்த நிலையம் சுதந்திரத்துக்கு முந்தைய காலத்தது. சிறு ஊர்களுக்கும் மலிவுக் கட்டணத்தில் விமானம் விட உதவும் அரசுத் திட்டமான உடானின் கீழ் இதைப் புதுப்பித்தபோது 19 இருக்கைகள் கொண்ட சிறு விமானங்களை மனத்தில் வைத்தே பணிகள் நடந்தன. ஓடுதளத்தின் நீளம் சுமார் 850 மீட்டர். சிறு நகரங்களுக்கு நம் நாட்டில் மிகுதியாகப் பறக்கும் ஏ.டி.ஆர். 72 என்னும் எழுபது இருக்கை விமானம் முழு எடையுடன் மேலெழும்ப, கடல் மட்டத்தில், மிதமான வெப்பநிலையில்கூட, 1,300 மீட்டர் அளவுக்கு ஓடுதளம் கேட்கிறது. வேலூரோ கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அக்கினி நட்சத்திரத்தில் இங்கு அடிக்கும் வெயிலைப் பற்றி வட ஆற்காட்டுக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெப்பம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைகிறது, இறக்கைக்குக் கிடைக்கும் தூக்கும் விசையும் இயந்திரத்தின் வலுவும் குறைகின்றன, அதனால் அதே விமானத்துக்கு இன்னும் நீளமான ஓடுதளம் வேண்டும், இல்லையெனில் பயணிகளையோ எரிபொருளையோ குறைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

குறுகிய ஓடுதளத்துக்கு ஏற்ற பெரிய விமானம் ஒன்று வரும் என்ற நம்பிக்கை சில காலம் இருந்தது. ஏ.டி.ஆர். நிறுவனமே 800 மீட்டர் ஓடுதளத்தில் இயங்கக்கூடிய 42-600எஸ் என்ற வகையை 2019இல் அறிவித்தது. நாற்பது பேர் வரை செல்லக்கூடிய அந்த விமானம் உருவாகியிருந்தால் வேலூரைப் போன்ற ஊர்களின் கணக்கே மாறியிருக்கும். ஆனால் 2024 நவம்பரில் அந்த முயற்சியை நிறுவனம் கைவிட்டுவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தத்தை என் அலுவலகத்தில் இருந்த யாருக்கும் விளக்க முடியவில்லை. எங்கோ பிரான்சில் எடுக்கப்பட்ட அந்த முடிவு அப்துல்லாபுரத்தின் எதிர்காலத்தையும் சேர்த்தே சுருக்கிவிட்டது.

ஆகவே எஞ்சியிருப்பது டோர்னியர் 228, ட்வின் ஆட்டர் போன்ற 19 இருக்கை விமானங்கள். டோர்னியர் நம் நாட்டிலேயே இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தால் தயாரிக்கப்படுகிறது. 2022 ஏப்ரலில் அலையன்ஸ் ஏர் அதைக் கொண்டு அசாமின் திப்ருகரிலிருந்து அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டுக்குச் சேவை தொடங்கியது. அங்கே அது பொருந்துகிறது, ஏனெனில் அங்கே மாற்று என்பது நாள் முழுவதும் மலைப்பாதையிலும் ஆற்றங்கரையிலும் அலைவது. வேலூருக்கு மாற்று காட்பாடி சந்திப்பு. 2022 நவம்பரில் தொடங்கிய சென்னை – மைசூரு வந்தே பாரத் ரயில் காட்பாடியில் நிற்கிறது. அதில் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் சென்னை சென்ட்ரலில் இறங்கிவிடலாம். அப்துல்லாபுரத்துக்குச் சென்று, சோதனைகளை முடித்து, அரை மணி நேரம் பறந்து, மீனம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து நகருக்குள் செல்வதற்குள் ரயிலில் சென்றவர் தன் வேலையை முடித்திருப்பார். பெங்களூருக்கும் இதே நிலைதான், அங்கு விமான நிலையம் நகரிலிருந்து தொலைவில் தேவனஹள்ளியில் இருப்பதால் இன்னும் மோசம் என்றும் சொல்லலாம்.

உடான் திட்டம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் இது மேலும் தெளிவாகும். 2016இல் கொள்கை அறிவிக்கப்பட்டு, 2017 ஏப்ரலில் சிம்லா – டெல்லி தடத்தில் முதல் விமானம் பறந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்துக்கு, அதாவது 500 கிலோமீட்டர் அளவுக்கு, தொடக்கத்தில் 2,500 ரூபாயாக இருந்த உச்சவரம்புடன் குறிப்பிட்ட இருக்கைகளை நிறுவனம் விற்க வேண்டும். அதனால் ஏற்படும் குறையை மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து மானியமாக ஈடுசெய்யும். அந்தத் தடத்தில் வேறு நிறுவனம் போட்டிக்கு வராது. மானியமும் தனியுரிமையும் மூன்று ஆண்டுகளுக்குத்தான். நான்காவது ஆண்டில் அந்தத் தடம் தன் காலில் நிற்க வேண்டும். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023ஆம் ஆண்டு அறிக்கை இதைப் பற்றிச் சொல்லும் எண்களை வேலூரின் ஒவ்வொரு வணிகர் சங்கமும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உடானின் மூன்றாம் சுற்று வரை ஒதுக்கப்பட்ட 774 தடங்களில் 403 தடங்கள் தொடங்கப்படவே இல்லை. தொடங்கிய 371 தடங்களில் 112 மட்டுமே மூன்று ஆண்டுகளை நிறைவு செய்தன. 2023 மார்ச் நிலவரப்படி அவற்றிலும் 54 தடங்களே தொடர்ந்து இயங்கின. வேலூர் தாமதமாகிறது என்று நாம் வருந்துகிறோம். ஆனால் அவசரமாகத் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே நின்றுபோன ஊர்களின் பட்டியலும் நீளமானது.

சிறு விமானங்களுக்கு இந்த நெருக்கடி இன்னும் கூடுதல். எழுபது இருக்கை விமானத்துக்கும் இரண்டு விமானிகள், பத்தொன்பது இருக்கை விமானத்துக்கும் இரண்டு விமானிகள். பணிப்பெண் தேவையில்லை என்ற ஒரு சிக்கனத்தைத் தவிர மற்றச் செலவுகளைப் பகிர்ந்துகொள்ள ஆட்கள் குறைவு. நாளுக்கு ஒரு விமானம் இருக்கை காலியில்லாமல் ஆண்டு முழுவதும் பறந்தாலும் ஒரு திசையில் 6,935 பேர்தான் செல்ல முடியும். உடானின் தொடக்க ஆண்டுகளில் இத்தகைய 19 இருக்கை அளவிலான விமானங்களை நம்பி இறங்கிய ஏர் டெக்கான், ஏர் ஒடிசா ஆகிய இரு நிறுவனங்களும் நிலைக்கவில்லை. சேலத்துக்கு ஏ.டி.ஆர். விமானத்தில் 2018 மார்ச்சில் சேவை தொடங்கிய ட்ரூஜெட்டும் இன்று இல்லை. ஆனால் சேலம் முடங்கிவிடவில்லை. 2023 அக்டோபரில் அங்கு மீண்டும் விமானங்கள் வந்தன. புதுச்சேரியும் இடையில் வெறிச்சோடிக் கிடந்து, 2024 டிசம்பரில் இண்டிகோ வந்தபின் உயிர்பெற்றது. சேலத்தின் ஓடுதளம் 1,806 மீட்டர், புதுச்சேரியினுடையது 1,500 மீட்டர். ஒரு நிறுவனம் விட்டுப்போனால் இன்னொன்று தன்னிடம் ஏற்கெனவே உள்ள ஏ.டி.ஆர். விமானத்தை அங்கே திருப்பிவிட முடியும். வேலூரில் அப்படி ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் பிடிக்க வழியில்லை, ஏனெனில் 19 இருக்கை விமானம் வைத்திருக்கும் நிறுவனங்களே நாட்டில் மிகச் சிலதான்.

இங்கே நான் மிகவும் கவலைப்படும் விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலூர் விமானத்துக்கு ஆதரவாகப் பேசுவோர் அனைவரும் நோயாளிகளின் பெயரால்தான் பேசுகிறார்கள். டோர்னியரின் உள்ளுயரம் சுமார் 1.55 மீட்டர், சராசரி உயரமுள்ளவர் அதில் நிமிர்ந்து நிற்க முடியாது. குறுகலான படியில் ஏறிக் குனிந்தபடியே இருக்கைக்குச் செல்ல வேண்டும். பெரிய விமானங்களைப் போல உள்ளே காற்றழுத்தத்தைச் சமன்செய்யும் அமைப்பு இல்லாததால் அது தாழ்வாகப் பறக்கும். கோடை மதியத்தில் தாழப் பறப்பது எவ்வளவு குலுக்கும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். அறுவை சிகிச்சை முடிந்து தையல் பிரிக்காதவரையும் மூச்சுத் திணறல் உள்ளவரையும் அதில் ஏற்றுவதற்கு முன் மருத்துவரே தயங்குவார். நடக்க முடிந்த நோயாளிக்கு உதவும் என்பது உண்மை. நடக்க முடியாதவருக்காகத்தான் இந்தச் சேவை என்று சொல்வது உண்மையல்ல.

வேலூரின் தேவை எங்கிருக்கிறது என்பதற்கு காந்தி ரோட்டில் ஒருமுறை நடந்தாலே போதும். லாட்ஜ் பலகைகளிலும் மெஸ் பலகைகளிலும் வங்காள எழுத்து. மேற்கு வங்கம், திரிபுரா, அசாம், ஜார்க்கண்ட் மக்கள். டாக்காவிலிருந்து சென்னைக்கு நேரடி விமானங்கள் வந்தபின் பெருகி, 2024 ஆகஸ்டுக்குப் பிறகு விசா கெடுபிடியால் குறைந்துபோன வங்கதேச மக்கள். ஹவுராவிலிருந்தும் குவாஹாட்டியிலிருந்தும் பெங்களூரு செல்லும் ரயில்கள் காட்பாடியில் நிற்கின்றன என்பதால் பெரும்பாலோர் ரயிலில் வருகிறார்கள். உடல்நிலை தாங்காதவர்கள் கடன் வாங்கியாவது சென்னைக்கு விமானத்தில் வருகிறார்கள். கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வரும் ஒரு ஏர்பஸ் விமானத்தில் 180 பேர்; அதற்கு ஈடாக ஒன்பது டோர்னியருக்கு மேல் வேண்டும், அவையும் கொல்கத்தா வரை இடைநில்லாமல் பறக்கும் திறன் கொண்டவை அல்ல. ஆகவே அப்துல்லாபுரத்தில் நடப்பதைவிட கொல்கத்தா – சென்னைத் தடத்தில் நடக்கும் மாற்றங்களே வேலூருக்கு வரும் மக்களை நேரடியாகத் தாக்குகின்றன.

விமான அட்டவணை ஆண்டுக்கு இருமுறை, மார்ச் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் மாறுகிறது. அந்த இரண்டு வாரங்களிலும் எங்கள் அலுவலகத்தில் தொலைபேசி ஓயாது. சில ஆண்டுகளுக்கு முன் சில்சாரிலிருந்து கொல்கத்தா வழியாக வந்த ஒரு குடும்பத்துக்கு நான் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தேன். சிறுநீரகம் பழுதுபட்ட தந்தையும் மகளும் மருமகனும். அவர்களுடைய இரண்டாவது விமானத்தை நிறுவனம் இரவு நேரத்துக்கு மாற்றிவிட்டு, முன்பதிவில் இருந்த என் அலுவலக எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி மட்டும் அனுப்பியது. கடையை மூடிய பிறகு வந்த அந்தச் செய்தியை மறுநாள் காலையில்தான் பார்த்தேன். அவர்கள் சென்னையில் இறங்கியபோது காட்பாடிக்கு அன்றைய வசதியான ரயில்கள் போய்விட்டன. அந்த மனிதர் விடியும்வரை விமான நிலைய நாற்காலியில் அமர்ந்திருந்து, மருத்துவர் கொடுத்திருந்த நேரத்தையும் தவறவிட்டார். அன்றிலிருந்து பயணியின் சொந்த எண்ணைப் பதியாமல் நான் ஒரு டிக்கெட்டும் எடுப்பதில்லை.

ஆக, எந்தத் தடம் கேட்க வேண்டும்? ஐதராபாத் என்பதே என் எண்ணம். நேர்கோட்டில் 500 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ரயிலில் ஓர் இரவு முழுவதும் ஆகும் தூரம். அங்கிருந்து கிழக்கிலும் வடகிழக்கிலும் உள்ள நகரங்களுக்கு இணைப்பு விமானங்கள் உண்டு. அடுத்து கொச்சி, ஏனெனில் கேரளத்திலிருந்து சி.எம்.சி.க்கு வருவோரும் இங்கே படிப்போரும் கணிசமானவர்கள், ரயில் பயணமும் நீண்டது. காலையில் மூடுபனி விழும் மார்கழி, தை மாதங்களில் முதல் விமானத்தை விடியற்காலையில் வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கருவிகளின் துணையின்றிக் கண்பார்வையை நம்பி இறங்கும் சிறு நிலையங்களில் 5 கிலோமீட்டர் தூரத்துக்குப் பார்வைத் தெளிவு வேண்டும், அது இல்லாத நாட்களில் விமானம் ரத்தாகும்.

ஓடுதளத்தை 1,500 மீட்டருக்கு நீட்டினால் எல்லாம் தீர்ந்துவிடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். தூத்துக்குடியில் ஏறத்தாழ 1,350 மீட்டராக இருந்ததை 3,000 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புதிய முனையத்தையும் திறந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே முன்பிருந்த நீளத்திலேயே ஏ.டி.ஆர். விமானங்கள் பல ஆண்டுகள் பறந்து பயணிகள் உண்டு என்று காட்டியிருந்தன. இங்கே நெடுஞ்சாலையும் வீடுகளும் சூழ்ந்திருக்க, அப்படி எந்தச் சான்றும் இல்லாமல் மக்களின் நிலத்தைக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குத் தேர்வான பரந்தூர், காஞ்சிபுரத்துக்கு அருகில், வேலூருக்கும் சென்னைக்கும் இடையே இருக்கிறது. ஏகனாபுரம் உள்ளிட்ட ஊர்களின் மக்கள் 2022 முதல் அதை எதிர்த்துப் போராடி வருகிறார்கள். அவர்கள் இழப்பதைச் சிறிதென்று நான் சொல்ல மாட்டேன். அந்த நிலையம் கட்டப்பட்டால் கொல்கத்தா விமானத்தில் வரும் நோயாளி மீனம்பாக்கத்தைவிட வேலூருக்கு வெகு அருகில் இறங்குவார். சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகமும் 2022இல் திறக்கப்பட்டு, நோயாளிகளில் ஒரு பகுதியினர் நகருக்குள் வராமலே நெடுஞ்சாலையோரம் சிகிச்சை பெறுகிறார்கள்; அவர்கள் அப்துல்லாபுரத்தில் இறங்கினால் வேலூரைத் தாண்டித் திரும்பிவர வேண்டும்.

அதுவரை உங்கள் வீட்டார் யாரேனும் விமானத்தில் வருவதாக இருந்தால், நண்பகலுக்கு முன் சென்னையில் இறங்கும் விமானமாக, இடையில் மாறாத நேரடி விமானமாகப் பாருங்கள். சக்கர நாற்காலியை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். விமான நிலையத்திலிருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோ ரயில் நேராகச் செல்கிறது, லிஃப்ட் வசதியும் உண்டு. அங்கிருந்து காட்பாடிக்குச் செல்லும் ரயிலுக்கும் விமானம் இறங்கும் நேரத்துக்கும் இடையே குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். பயணத் தேதி மார்ச் அல்லது அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு வந்தால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பும் முந்தைய நாள் மாலையும் விமான நேரத்தை மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.