யானை கட்டிப் போரடித்தல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'மாடு கட்டிப் போரடித்தால் மாளாது செந்நெல்லென்று யானை கட்டிப் போரடித்த' மதுரை என்ற வரிக்கு, யானைப்படையோடு போரிட்ட மதுரை என்று ஒரு சொற்பொழிவில் பொருள் கூறினார்கள். எங்கள் ஊரில் வைக்கோற்போர் என்கிறோம். எது சரி? புறநானூற்றில் வரும் 'போர்பு' என்பதும் இதுதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஊர்வழக்கே சரி. செந்நெல் என்று அந்த வரியே சொல்லிவிட்டபின் படைக்கு அங்கே இடமில்லை. அறுத்த கதிர்க்கட்டுகளை அடுக்கிய குவியல்தான் போர். அதைப் பிரித்துக் களத்தில் பரப்பி, மாடுகளைப் பிணைத்துச் சுற்றிச்சுற்றி நடக்கவிட்டு மணியை உதிர்ப்பது போரடித்தல். யாழ்ப்பாணத்தில் இதைச் சூடு மிதித்தல் என்பார்கள்.

போர்பும் அதுவே. ஆனால் புறநானூற்றின் 370ஆம் பாட்டில் அது வயலை விட்டுப் போர்க்களத்துக்கு வந்துவிடுகிறது. சோழன் இளஞ்சேட்சென்னியைப் பாடும் ஊன்பொதி பசுங்குடையார், 'படுபிணப் பல்போர்பு அழிய வாங்கி, எருது களிறாக, வாள்மடல் ஓச்சி, அதரி திரித்த' என்கிறார். பிணக்குவியல் போர்பு; அதைப் பிரித்துப் பரப்பி மிதிக்கும் எருதுகள் யானைகள்; அவற்றை ஓட்டும் பனைமடல் வாள். அதரி திரித்தல் என்பது கதிரின்மேல் மாடுகளைச் சுற்றிவரச் செய்வது. களத்தில் நின்று பார்த்தவரால் மட்டுமே இத்தனை நுணுக்கமாக எழுத முடியும்.

இதை வெறும் உருவக அலங்காரமாக நான் படிப்பதில்லை. பாட்டின் உயிர் அடுத்த வரிகளில் இருக்கிறது. பாடுபவன் தடாரிப் பறையை அறைந்து 'வியன்களம் பொலிக' என்று வாழ்த்தி, 'வரைமருள் முகவைக்கு வந்தனென்' என்கிறான். முகவை என்பது களத்தில் முகந்து தரும் நெல். அறுவடைக் களத்துக்கு வந்த பாணன் பொலியை, அதாவது நெற்குவியலை, வாழ்த்திய பின் அவனை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் இல்லை. அந்த உரிமையைத்தான் அவன் இங்கே கோருகிறான். நெல்லுக்குப் பதிலாக அவன் கேட்பது மலைபோன்ற யானைகளை. போர்க்களம் ஏர்க்களமாக மாறினால்தான் அவனுக்கு அங்கே நின்று கேட்கும் தகுதி வருகிறது. அப்படிக் கேட்டவனே, பேய்மகளும் கழுகும் திரியும் அந்த இடத்தைக் கண்டு, 'அஞ்சுவந்தன்றால் களங்கிழவோயே' (அச்சம் தருகிறது, களத்துக்கு உரியவனே) என்று முடிக்கிறான்.

தொல்காப்பியம் வெற்றியைப் பாடும் வாகைத் திணையில், உழவரின் களத்தைப் பாடும் 'ஏரோர் களவழி'யைப் போர்க்களத்தைப் பாடும் தேரோர் களவழிக்கு முன்னதாகச் சொல்வதையும் சேர்த்துப் பாருங்கள். அடுத்து, பரணர் பாடிய 369ஆம் பாட்டைப் படியுங்கள். அங்கே அம்புகள் மழையாகப் பொழிய, நனைந்த வயலில் தேரே ஏராக உழுகிறது. 370இல் நீங்கள் காணும் அறுவடைக்கு முந்தைய வேலை முழுவதும் அதில் உண்டு.

அன்புடன்