ஈவி பட்டனை அழுத்தினால் பெற்றோல் மிஞ்சுமா? ஹைபிரிட் கார்க் கேள்வி பதில்

பெற்றோல் இயந்திரமும் கரண்ட் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் காரை, இயந்திரம் ஓடாமல் பற்றரியில் மட்டும் ஓட்டும் அந்த ‘ஈவி’ பட்டனைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னாலும் சொன்னேன், வந்து குவிந்துவிட்டது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: ஷார்ஜாவில் ஒரு கராஜில் 9 வருடம் வேலை செய்தேன். அமெரிக்காவில் அடிபட்டு ஏலத்தில் வாங்கிய டொயோட்டா பிரியஸ் கார்கள் அங்கே நிறைய வரும். அவற்றில் பழைய மொடல்களில் இந்தப் பட்டன் இருக்காது. கேட்டவர்களுக்குப் பூட்டிக் கொடுத்தோம். இப்போது திருகோணமலையில், அனுராதபுரச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே, சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன்.

*அத்தான், ரொறன்ரோவிலிருந்து. என்னுடையது 2007 பிரியஸ். போன முறை ஊருக்கு வந்தபோது உங்கள் காரில் ஈவி பட்டனைப் பார்த்தேன், என்னுடையதில் இல்லை. நானே பூட்டலாமா?*

பூட்டலாம், தம்பி. 2003இல் வந்த இரண்டாம் தலைமுறை பிரியஸில், யப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் செய்த கார்களில் இந்தப் பட்டன் கொம்பனியிலேயே வந்தது. வட அமெரிக்காவுக்குப் போனவற்றில் பட்டன் மட்டும்தான் இல்லை. காரின் மூளை ஒன்றேதான். ஹைபிரிட் கம்பியூட்டரின் சொக்கற்றில் ஈவிக்கென்று ஒரு பின் (சின்ன இணைப்பு முனை) இருக்கிறது. அதை ஒரு கணம் எர்த்தோடு, அதாவது காரின் பொடியோடு, தொடவைத்தால் கம்பியூட்டர் ‘பட்டனை அழுத்தியிருக்கிறார்கள்’ என்று எடுத்துக்கொள்ளும். செய்யவேண்டியது இவ்வளவுதான். நீ புதிதாக ஒரு வசதியைக் கண்டுபிடிக்கவில்லை, உள்ளே ஏற்கெனவே இருக்கும் கதவுக்குக் கைப்பிடி போடுகிறாய்.

அந்தக் கம்பியூட்டர் குளோவ் பொக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. முதலில் 12 வோல்ற் பற்றரியின் நெகற்றிவைக் கழற்று. அது டிக்கியில் வலது மூலையில் இருக்கிறது. பிறகு குளோவ் பொக்ஸைக் கழற்றிச் சொக்கற்றை எடு. உன் காரில் அந்தப் பின்னுக்குரிய இடம் வெறும் ஓட்டையாக இருக்கும். அதற்கு அளவான டெர்மினலை வயரில் பூட்டிப் பின்பக்கத்தால் செருகவேண்டும், அடுத்த வயரைச் சுரண்டி ஒட்டக்கூடாது. எத்தனையாவது பின் என்று நான் இங்கே சொல்லமாட்டேன். உன் வருடத்துக்குரிய வயரிங் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சொக்கற்றின் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுகிறார்கள் என்பதையும் பார்த்து, இரண்டு தடவை எண்ணு. கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாக எண்ணிப் பக்கத்துப் பின்னில் செருகியவர்கள் இருக்கிறார்கள். கம்பியூட்டர் போனால் பட்டனுக்கு ஆசைப்பட்டுக் காரையே நிறுத்திவைத்த கதைதான்.

சுவிச் கோலிங் பெல் சுவிச் மாதிரி இருக்கவேண்டும்: அழுத்தினால் தொடும், கையை எடுத்தால் விடும். நான் முதன்முதல் பூட்டிய காரில் கையில் கிடைத்த லைற் சுவிச்சைப் போட்டேன். ஒருமுறை ஈவி வந்தது. அதை நிறுத்த ஓஃப் பண்ணித் திரும்ப ஓன் பண்ண வேண்டியிருந்தது. கார்க்காரர் ‘எது ஓன், எது ஓஃப்?’ என்று கேட்டார், எனக்கே தெரியவில்லை. அடுத்த நாள் மாற்றிக் கொடுத்தேன்.

செம்மஞ்சள் நிற வயர் எதுவும் இந்த வேலையில் குறுக்கே வராது. வந்தால் நீ பிழையான இடத்தில் கை வைத்திருக்கிறாய் என்று அர்த்தம். அந்த வயரில் ஓடுவது 200 வோல்ற்றும் அதற்கு மேலும்.

இன்னொன்று. 12 வோல்ற்றைக் கழற்றிய பிறகு டிக்கியை மூடாதே. அந்தக் காரின் பின்கதவு கரண்டில்தான் திறக்கும். ஒரு துணியைச் சுருட்டிப் பூட்டில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கு.

*சேர், உவர்மலையிலிருந்து ஒரு ஆசிரியை. டொயோட்டா ஆக்வா 2013. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் 3 கிலோமீற்றர். தினமும் ஈவியை அழுத்திக்கொண்டு போகிறேன், பாதிவழியில் தானாகவே நின்றுவிடுகிறது. பெற்றோல் மிச்சம் பிடிக்கலாம் என்றுதான் செய்கிறேன். சரிதானா?*

மிச்சம் பிடிக்கமாட்டீர்கள், ரீச்சர். கொஞ்சம் கூடுதலாகவே செலவாகும்.

கரண்ட் பில் கணக்கிலேயே சொல்கிறேன். உங்கள் ஆக்வாவின் மோட்டாரை ஓட்டும் பெரிய பற்றரி 144 வோல்ற், 6.5 ஆம்பியர் மணி. பெருக்கினால் ஒரு யூனிற்றுக்கும் சற்றுக் குறைவு. பற்றரி கெடாமல் இருக்க, அதில் பாதியைக்கூடக் கம்பியூட்டர் எடுக்க விடாது. இந்தக் கார்களில் ஈவியில் சில நூறு மீற்றரிலிருந்து ஒரு கிலோமீற்றர் வரைதான் போகலாம் என்று டொயோட்டாவின் கைநூலே சொல்கிறது. அதனால்தான் பாதிவழியில் நிற்கிறது. காரில் பிழை இல்லை.

சரி, அந்தக் கொஞ்சக் கரண்ட் எங்கிருந்து வந்தது? நீங்கள் அதைச் சுவரில் செருகிச் சார்ஜ் பண்ணவில்லை. ஒரு பங்கு பிரேக் பிடிக்கும்போது வந்தது, மீதி பெற்றோலை எரித்து வந்தது. பெற்றோலைக் கரண்டாக்கி, பற்றரியில் போட்டு, திரும்ப எடுத்துச் சில்லைச் சுற்றுகிற ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் சிந்தும். நீங்கள் பற்றரியை அடிவரை இறக்கிவிட்டால், பிறகு இயந்திரம் உங்களையும் இழுத்துக்கொண்டு பற்றரியையும் நிரப்ப ஓடும். எப்போது மோட்டார், எப்போது இயந்திரம் என்று பிரிக்கிற வேலையைக் கம்பியூட்டர் உங்களைவிட நன்றாகச் செய்யும்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: உவர்மலையிலிருந்து கீழே இறங்குகிறீர்கள். பிரேக்கைக் கடைசி நேரத்தில் குத்தாமல், மெல்ல மெல்ல அழுத்தி இறங்குங்கள். அதில் சேருகிற கரண்ட்தான் உண்மையில் இலவசம்.

அப்படியானால் பட்டன் எதற்கு? முற்றத்தில் காரைக் கழுவ 10 மீற்றர் முன்னுக்கு எடுக்க, படலைக்கு வெளியே விட, விடிய நாலு மணிக்கு அயலவரை எழுப்பாமல் புறப்பட. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது பெற்றோலைக் கூட்டித்தான் குடிக்கும். 10 மீற்றருக்காக அதை எழுப்பி உடனே அணைப்பது வீண். அந்த வேலைக்குப் பட்டன் மிக நல்லது. ஸ்ரார்ட் பண்ணிய கையோடு அழுத்துங்கள். இயந்திரம் சூடேறத் தொடங்கிவிட்டால் பட்டனை மதிக்காது.

*அப்படிச் சொன்னால் 2022இல் பெற்றோல் வரிசையில் நாங்கள் ஈவியில் தானே ஊர்ந்தோம்? அது பிழையா?* (நிலாவெளி வீதி, பிரியஸ்)

அது சரி. வரிசையில் ஐந்து மீற்றர் ஊர்ந்து அரை மணி நிற்பதற்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை. பிறகு கியூஆர் பங்கீடு வந்து கிழமைக்கு 20 லீற்றர் என்றானபோதும் பலர் ஈவியை நம்பி ஓடினார்கள்.

பிழை எங்கே நடந்தது என்றால், தாங்கியில் பெற்றோல் முழுதாய்த் தீர்ந்த பிறகும் சிலர் பற்றரியிலேயே காரை உருட்டினார்கள். அப்படி ஒரு கார் என்னிடம் வந்தது. பெற்றோல் ஊற்றியும் ஸ்ரார்ட் ஆகவில்லை. காரணம், பிரியஸில் தனியாக ஸ்ரார்ற்றர் மோட்டார் கிடையாது. இயந்திரத்தைச் சுற்றி எழுப்புவதும் அந்தப் பெரிய பற்றரிதான். அது அடியோடு இறங்கினால் தாங்கி நிறையப் பெற்றோல் இருந்தும் பயனில்லை, 12 வோல்ற் ஜம்ப் வயரும் உதவாது. பற்றரியை வெளியே எடுத்துத் தனிச் சார்ஜரில் மெல்ல ஏற்றவேண்டும், அதற்குள் சில செல்கள் செத்துப்போகலாம். பெற்றோல் தீர்ந்தால் காரைத் தள்ளுங்கள். ஈவியில் வீடுவரை போகலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

*அஸ்ஸலாமு அலைக்கும் அண்ணன், கிண்ணியாவிலிருந்து. என்னிடம் ஹொண்டா ஃபிற் ஜீபீ1. ஈவி சுவிச் பூட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?*

வஅலைக்கும் ஸலாம் தம்பி. காசையும் கொடுக்காதீர்கள், காரையும் கொடுக்காதீர்கள்.

டொயோட்டாவின் முறையில் இயந்திரம் நின்றிருக்க, மோட்டார் மட்டும் சில்லைச் சுற்ற முடியும். நடுவில் இருக்கிற கியர்த் தொகுதி அதற்கு இடம் கொடுக்கிறது. உங்கள் ஜீபீ1இல் மோட்டார் இயந்திரத்தின் கிராங்கோடு நேராகப் பூட்டியிருக்கிறது. இரண்டையும் பிரிக்க நடுவில் கிளச் இல்லை. பெற்றோலை எரிக்காமல் கொஞ்சத் தூரம் ஓடினாலும் இயந்திரம் கூடவே சுற்றிக்கொண்டுதான் இருக்கும். வயர் இழுத்து மாற்றக்கூடிய விஷயம் இல்லை இது, இரும்பின் அமைப்பே அப்படி. அந்த ஆள் பூட்டித் தருவது லைற் எரிகிற ஒரு பட்டனாகத்தான் இருக்கும்.

அடுத்து வந்த ஃபிற் ஜீபீ5, ஹொண்டா வெசல் இரண்டிலும் கிளச் இருக்கிறது, மோட்டாரில் மட்டும் ஓடவும் செய்யும். ஆனால் எப்போது என்பதைக் காரே முடிவுசெய்கிறது, பட்டன் வைக்கவில்லை. சுசுகி வாகன்ஆர் ஹைபிரிட்காரர்கள் நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள்: அது பெல்ற்றில் ஓடுகிற சின்ன மோட்டார். மணிக்கு 13 கிலோமீற்றருக்குள், அதிகம்போனால் 10 விநாடி தவழும். அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

*ஏசி போட்டால் ஈவி வேலை செய்யுமா?*

செய்யும். இரண்டாம் தலைமுறைப் பிரியஸிலிருந்து ஏசி கொம்பிரசர் கரண்டில் ஓடுகிறது. ஆனால் நம்மூர் மே மாத வெயிலில் ஏசி குடிப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் ஒரு கிலோமீற்றர் அரைக் கிலோமீற்றராகிவிடும்.

*நிலாவெளியில் விருந்தினர் விடுதி நடத்துகிறோம். பிரியஸ் 30 (மூன்றாம் தலைமுறை). காலையில் ஈவி வருகிறது, மத்தியானத்துக்குப் பிறகு ‘பீப்’ என்று கத்திவிட்டு மறுக்கிறது. பட்டன் பழுதா?*

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டனில் பிழை இல்லை. ஈவியைக் கார் மறுக்கப் பல காரணங்கள் உண்டு: பற்றரியில் சார்ஜ் குறைவு, வேகம் கூட, ஆக்சிலேற்றரை ஆழமாக மிதித்தது, கண்ணாடிப் புகை போக்கும் ஏசி போட்டிருந்தது, பற்றரி சூடு. காலையில் ஒழுங்காக வந்து மத்தியானம் மட்டும் மறுத்தால் நான் முதலில் பார்ப்பது சூட்டைத்தான்.

பின் சீற்றின் பக்கத்தில் ஜன்னல் கம்பிபோல ஒரு காற்றுத்துளை இருக்கிறது. பெரிய பற்றரியைக் குளிர்விக்கும் விசிறி அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. உங்கள் விருந்தினர்கள் கடலில் குளித்துவிட்டு ஈரத் துவாயையும் பையையும் எங்கே வைக்கிறார்கள்? அந்தத் துளைக்கு மேலேதான். மணலும் துவாய்ப் பஞ்சும் உள்ளே போய் விசிறி இதழில் அப்பிக்கொள்ளும். போன மாதம் ஒன்றைக் கழற்றினேன், விசிறி பழைய தலையணைபோல இருந்தது. தூரிகையால் துடைத்துப் பூட்டினேன். அடுத்த நாளே பின்னேரமும் ஈவி வந்தது என்று கார்க்காரர் கூப்பிட்டுச் சொன்னார்.

விசிறி சுத்தமாக இருந்தும் மறுத்தால், புளூடூத் ஸ்கேனர் ஒன்றைப் பூட்டி, டொக்ரர் பிரியஸ் போன்ற செயலியில் பற்றரியின் 14 சோடிகளையும் பாருங்கள். ஓடும்போது ஒரு சோடி மட்டும் மற்றவற்றைவிட்டு விழுந்தால் அங்கே நோய். கடற்கரைக் கார்களில் செல்களை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சை பிடிப்பதும் உண்டு. அதைத் துடைக்கப் பற்றரியைத் திறக்கவேண்டும். பயிற்சி இல்லாதவர் திறக்கவே வேண்டாம். நாங்களே பாதுகாப்புப் பிளக்கைக் கழற்றி, 10 நிமிடம் காத்திருந்து, இறப்பர் கையுறை போட்டுத்தான் தொடுகிறோம்.

2020 மார்ச்சிலிருந்து 2025 வரை கார் இறக்குமதி நின்றிருந்ததால், இங்கே ஓடுகிற ஹைபிரிட்களில் பெரும்பாலானவை வயதானவை. விசிறியைத் துடைப்பது அரை நாள் வேலை. பற்றரி மாற்றுகிற செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

*கோணேசர் கோவிலுக்குக் கோட்டைக்குள்ளால் ஈவியில் ஏறலாமா? சத்தமில்லாமல் போனால் நல்லாயிருக்கும்.*

ஏற்றத்தில் ஆக்சிலேற்றரை மிதித்ததும் இயந்திரம் எழும்பிவிடும். இறங்கும்போது எப்படியும் மோட்டார்தான். சத்தமில்லாததில் ஒரு சிக்கல்: கோட்டைக்குள் மான்கள் ஹோர்னுக்கே விலகாது, சத்தமில்லாத காரை எங்கே கவனிக்கப்போகிறது? ஆட்களும் அப்படித்தான், பின்னால் கார் நிற்பது தெரியாமல் செல்ஃபி எடுப்பார்கள். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு போங்கள்.

*அத்தான், திரும்பவும் ரொறன்ரோ. வயர் செருகியாயிற்று. ஆனால் நீங்கள் சொன்னதை மறந்து டிக்கியை மூடிவிட்டேன். பற்றரி உள்ளே கழன்று கிடக்கிறது.*

தெரியும், யாராவது ஒருவர் மூடுவீர்கள் என்று.

பொனற்றைத் திற, அது கேபிளில் திறக்கும். ஃபியூஸ் பெட்டியில் சிவப்பு மூடியோடு ஜம்ப் பண்ணும் முனை இருக்கிறது. வேறொரு 12 வோல்ற் பற்றரியின் பொசிற்றிவ்வை அதிலும் நெகற்றிவ்வைக் காரின் இரும்பிலும் கொடு. மாற்றிக் கொடுத்துவிடாதே. கரண்ட் வந்ததும் பின்கதவு பட்டனில் திறக்கும். வேறு பற்றரி இல்லையென்றால், பின் சீற்றை மடித்து உள்ளே தவழ்ந்து போ. பின்கதவின் உட்பக்கம், அடியில் நடுவில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே ஒரு லீவர், அதைத் தள்ளு. ரோர்ச் கொண்டு போ, அக்காவிடம் நான் எதுவும் சொல்லமாட்டேன்.