அகதி முகாம்களில் மூச்சுத்தொற்று ஏன் அதிகம்?

புழல் முகாமில் வாழும் உறவினர் வீட்டுக் குழந்தைகளுக்கு மழைக்காலம் தோறும் சளியும் இருமலும் வருகின்றனவே, குளிர்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். குளிரைவிட இட நெருக்கடிக்கே இதில் பங்கு அதிகம்.

ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் கூரையுள்ள இடம் வேண்டும் என்கிறது, நிவாரண உதவிகளுக்கான சர்வதேசக் குறைந்தபட்ச நெறியான ஸ்பியர் அளவுகோல். அந்த இடம் இல்லாமல் சமையலும் படுக்கையும் ஒரே அறையில் நடந்து, சாரலுக்காக ஜன்னலையும் அடைத்துவிட்டால், ஒருவர் இருமும்போது வெளிப்படும் நுண்துளிகள் அந்தக் காற்றிலேயே தங்கி மற்றவர்களைத் தொற்றுகின்றன. விறகுப் புகையும் சத்துக்குறைவும் சாதாரணச் சளியை நிமோனியா வரை கொண்டுபோகக்கூடும். தடுப்பூசி விடுபடுவது இன்னும் ஆபத்தானது: 2017 இறுதியில் வங்கதேசத்தில் காக்ஸ் பஜாரின் ரோஹிங்கியா அகதி முகாம்களில், தடுப்பூசியால் தடுக்கக்கூடிய தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) பரவி ஆயிரக்கணக்கானோரைப் பாதித்தது.

வீட்டிலேயே கவனிக்க வேண்டியது மூச்சின் வேகம். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 2 முதல் 11 மாதக் குழந்தைக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40, அல்லது அதற்கு மேல் போனால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சிழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் துவண்டாலோ, கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் ஸ்டான்லி போன்ற பெரிய அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். பெரியவர்களுக்கு இருமல் இரண்டு வாரம் நீடித்தால், காசநோய்க்கான சளிப் பரிசோதனையை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்துகொள்ளலாம்.