அட்டிகை இறங்குது, ஜிமிக்கி இழுக்குது... என்ன செய்ய அக்கா?

கேள்வி: எனக்க தங்கச்சிக்கு அடுத்த மாசம் கல்யாணம். நான் போட கவரிங்ல ஒரு கெம்பு செட் எடுத்தேன். அட்டிகை கழுத்தோட நிக்காம நெஞ்சுக்கு இறங்குது, ஜிமிக்கி காதை இழுக்குது, வளையல் 2.6, கைய உதறினா கழண்டு விழுது. பத்த வைக்கிறவர்கிட்ட கொடுத்து செயினை வெட்டிச் சின்னதாக்கலாமா?
- ஒரு வாசகி, தக்கலை

பதில்: மக்களே, பத்த வைக்க மட்டும் கொடுத்திராத. கவரிங்ல மேல இருக்கது மெல்லிசு முலாம்தான், நெருப்பு பட்ட இடம் கறுத்துப் போவும், போதாததுக்கு கெம்புக் கல்லை அரக்கோ பசையோ வச்சு ஒட்டியிருப்பாங்க, சூடு ஏறினா அதுவும் கழண்டு கையில வரும்.

அட்டிகைக்கு முன்பக்கத்தைத் தொடவே வேண்டாம். பின்னால செயின் சேருற இடத்துல சின்ன வளையம் இருக்கும்லா, ரெண்டு குறடு எடுத்து ஒண்ணால ஒரு முனைய அசையாம பிடிச்சுக்க, இன்னொண்ணால மறுமுனைய உன் பக்கமா லேசா திருப்பு, திறந்துரும். ரெண்டு பக்கமும் இழுத்து விரிச்சா வட்டம் கோணிப் போயி பிறகு வாய் சேரவே சேராது. செயினைக் கழட்டிட்டு, பரதநாட்டிய செட்டுக்கு கட்டுவாங்கல்லா, ஏத்தி இறக்குற பின்கயிறு, அதை மாட்டு. ஃபேன்சி கடையில கிடைக்கும். பிளவுஸ் கழுத்து எப்படி இருந்தாலும் அதுக்குத் தக்கன இழுத்துக்கலாம்.

கழட்டின செயினை தூரப் போடாத, அதையே ரெண்டா பிரிச்சா மாட்டல் ஆச்சு. ஒரு முனை வளையத்தை ஜிமிக்கித் தண்டுல கோத்து காதுல போடு, பின்னால திருகாணி. மறுமுனைய காதுக்கு மேல முடியில ஹேர்பின் வச்சுக் குத்து. பாதி கனத்தை முடியே தாங்கும்.

வளையல்தான் கஷ்டம். 2.6ன்னா ரெண்டே முக்கால் பக்கம்னு நிறைய பேரு நினைக்காங்க, அப்படியில்ல, ரெண்டு அங்குலமும் பதினாறுல ஆறு பங்கும், அதாவது 2.4க்கும் இதுக்கும் வித்தியாசம் வெறும் மூணு மில்லிமீட்டர்தான். அந்த மூணையும் யாராலயும் நெளிச்சுக் குறைக்க முடியாது. பில் இருந்தா மாத்து, மாத்தலைன்னா மணிக்கட்டு பக்கம் ரெண்டு மூணு 2.4 கண்ணாடி வளையல் போட்டுக்க, இது அதைத் தாண்டி இறங்காது.

ஆமா, நீ வாங்கினது உண்மையிலேயே நாகர்கோவில் பக்கம் வடசேரியில செஞ்ச கைவேலைன்னா நான் சொன்ன எதையும் செய்யாத. நாகர்கோவில் கோயில் நகைக்கு புவிசார் குறியீடே இருக்கு, அங்க கல்லு பதிக்கிறவங்ககிட்டயே கொண்டு காட்டு. ‘வடசேரி மாடல்’னு கடைக்காரர் சொன்னா அது வேற, மாடல் மட்டும்தான் வடசேரி.